பதினேழாம் பெட்டியின் தாழ்ப்பாள்

பொருட்காட்சி மைதானத்து ராட்டினத்தில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது சவரிராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுத்த கோமளவல்லிக்கு முப்பத்தாறு. அவர் அவளை ‘அம்மா’ என்றார். அவள் அவரை ‘அண்ணா’ என்றாள்.

முதல் நாள் அவள் சொன்னது கொஞ்சம்தான்.

“ஸ்க்ரூவை முதல்ல விரலால மூணு சுத்து சுத்துங்க. விரலுக்கு வரலைன்னா அது அந்த ஓட்டையோட ஸ்க்ரூ இல்ல.”

“வந்துட்டா?”

“அப்புறம் ஸ்க்ரூடிரைவர். நுனி தலையில உட்கார்ந்தா ஆடக்கூடாது. ஆடுனா வேற எடுங்க.”

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று சவரிராயன் நினைத்தார். இருபத்தாறு வருஷம் மில்லில் மிஷினோடு மல்லுக்கட்டிய கை அது.

பொருட்காட்சியின் ஒன்பதாம் நாள். நான்கு மணிக்குக் கேட்டைத் திறக்க வேண்டும். பதினேழாம் பெட்டியின் தாழ்ப்பாளில் இரண்டு ஸ்க்ரூவும் துருப்பிடித்திருந்தன. கழற்றினார். கைப்பெட்டியில் அதே மாதிரி இல்லை. ஸ்டோர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. வெளியே கூட்டம் கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

உட்காரும் மரப்பலகைக்குப் போடுகிற ஸ்க்ரூ இரண்டு கிடைத்தன. முனை கூராக இருந்தது. தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான். விரலுக்கு அசையவில்லை. இருந்ததிலேயே பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தோளைக் கொடுத்து அழுத்தித் திருகினார். இரும்பு கிரீச்சிட்டது. உள்ளே போய்விட்டது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

ஐந்தரை மணிக்குப் பதினேழாம் பெட்டியில் ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு ஏறினாள். சவரிராயன்தான் கதவைச் சாத்தினார். சாத்தும்போது தாழ்ப்பாளின் தகடு நெல்மணி அளவு முன்னால் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராட்டினம் கிளம்பிவிட்டது.

கண் பிசகாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டி உச்சிக்குப் போனது. சின்னவள் கதவில் சாய்ந்து, கீழே யாருக்கோ கையாட்டினாள். சொன்னால் வேலை போகும். பெட்டி இறங்கி அவரைத் தாண்டி மறுபடி ஏறியது. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இப்போது வெளிச்சம் தெரிந்தது.

ஓடினார். கோமளவல்லி மோட்டாரை இயக்கும் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, பதினேழு… தாழ்ப்பாள்ல ஸ்க்ரூ மாத்திப் போட்டுட்டேன்.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை.

“விரலால எத்தனை சுத்து போச்சு?”

“ஒண்ணுகூட இல்லம்மா.”

அவள் முகம் வெளுத்தது. ஆனால் கை பதறவில்லை. சட்டென்று நிறுத்தினால் பெட்டிகள் எல்லாம் ஊஞ்சல் மாதிரி வீசும். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினாள். மறு கையால் மைக்கை எடுத்தாள்.

“பதினேழாம் நம்பர் அக்கா, காத்து ஜாஸ்தியா இருக்கு. பாப்பாவை மடியில வெச்சுக்கங்க. பையனை நடுவுல இழுத்துக்கங்க.”

குரல் தினமும் பேசுகிற குரலாகவே இருந்தது. மேலே அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சின்னவளை மடிக்கு இழுத்தாள்.

பெட்டி இறங்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சவரிராயன் அண்ணாந்தபடியே நின்றார். வாய் தானாக ஜெபம் சொல்லிற்று. பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

பெட்டி தரைக்கு வந்ததும் கோமளவல்லி உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்தி, அப்புறம் திறந்தாள். தாழ்ப்பாள் கழன்று அவள் கையோடு வந்தது. ஒரு ஸ்க்ரூ மண்ணில் விழுந்தது.

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? மூணு சுத்துகூட வரல!” என்றாள் அந்தப் பெண்.

“ஆமாங்க்கா. மன்னிச்சுக்கங்க.”

பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே போனார்கள். கோமளவல்லி மற்ற பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். ‘இன்று ராட்டினம் இல்லை’ என்று பலகையை மாட்டினாள். வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள்.

பிறகு அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு ஸ்க்ரூவை அவள் கழற்றினாள். அதன் தலை மழுங்கியிருந்தது. ஓட்டைக்குள் மரை சிதைந்து இரும்புத் தூளாகக் கொட்டியது. அந்தத் தூளை அவர் உள்ளங்கையில் தட்டினாள்.

“என்னை அனுப்பிருங்கம்மா,” என்றார் சவரிராயன்.

“எங்க?”

“எங்கயாவது. இனி என்னால முடியாது. ஸ்க்ரூவைத் தொடவே பயமா இருக்கும்மா.”

கோமளவல்லி ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் துணியில் துடைத்தாள். அதை அவர் பக்கம் நீட்டினாள்.

“இந்த இருபத்து நாலு பெட்டிக்கும் ரெண்டு பேர் பயப்படணும், அண்ணா. இத்தனை நாளா நான் ஒருத்திதான் பயந்துகிட்டிருந்தேன்.”