கை மட்டும் போன வீடு

ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது, சாரலுக்கு மட்டும் குறைவில்லாத ஒரு மலையடிவாரத்து ஊரிலே ஆவுடையப்பன் என்று ஒருத்தன் இருந்தானாம். சொன்னவர்கள் சொன்னது, கொஞ்சம் கூடியிருக்கும், கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒருநாள் காலையில் மடத்து முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவன், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, குழல்வாய்மொழி அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குக் குணமாக வேண்டாம் தாயி" என்றான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த மடம் அவளுடையது. வயதில் அவனைவிட இளையவள். பேருக்குள்ளேயே வாயும் மொழியும் இருந்தும் பேச்சில் மகா கஞ்சம் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

ஆவுடையப்பனுக்கு வந்தது காய்ச்சலும் இல்லை, கட்டியும் இல்லை. ஒருநாள் படுத்தான், அப்புறம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பசி போயிற்று. தூக்கம் போயிற்று. பிறகு ஆசை என்று ஒன்று இருந்ததே, அதுவும் போயிற்று. நன்றாக ஏர் பிடித்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தான். இரண்டு நடவு வந்து போயிற்று.

அண்ணன் கோமதிநாயகம்தான் பார்த்துக்கொண்டார். ஊட்டினார். ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினார். பொறுக்கமாட்டாத நாளில் அடிக்கவும் செய்தார்.

அப்படி இருக்கையில் அண்ணன் செத்துப்போனார்.

பிள்ளை இல்லாதவர். அதனால் தம்பியை எழுப்பி, நடத்திக் கொண்டுபோய், கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். வைத்தான். வீட்டுக்கு வந்து அதே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல் கூடக் கசியும், இவன் கசியவில்லை என்றது ஊர். அண்ணன் மனைவி உலகம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வைத்தியரிடம் காட்டினான். மருந்து மெல்லப் பிடித்தது. வைத்தியரே இந்த மடத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார். விடிந்ததும் மருந்து, பிறகு நடை, பிறகு முற்றம் பெருக்கல். வெகுநாள் கழித்துச் சோற்றில் உப்பு தெரிந்தது.

உப்பு தெரிந்ததோடு மற்றதும் தெரிய ஆரம்பித்தது.

முதலில் வந்தது கோபம் என்று அம்மையிடம் சொன்னான். யார் மேல்? செத்துப்போன அண்ணன் மேல். ஊர் பார்க்க ஆற்றங்கரையில் முடியைப் பிடித்து இழுத்து, சோம்பேறி என்று கன்னத்தில் அறைந்தாரே, அன்றைக்கு வலிக்காத கன்னம் இன்றைக்கு எரிகிறது. செத்தவன்மேல் கோபப்படுகிறவன் மனுஷனா என்று வெட்கம் வருகிறது. வெட்கம் தணிந்தால் அழுகை வருகிறது.

அழுகை முட்டும்போதெல்லாம் அருவிக்கு ஓடிப்போய்த் தலையைக் கொடுத்துவிடுகிறானாம். அந்த இரைச்சலில் எல்லாம் அடங்கிவிடுமாம். இதுவரை ஒன்றையும் உள்ளே விடவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னான்.

"படுத்துக் கிடந்தப்ப வலி இல்ல தாயி. இன்னைக்கு மருந்து குடிக்கல. மறுபடி போய்ப் படுத்துக்கலாம்னு இருக்கேன்."

அம்மை கீரையைக் கீழே வைத்தாள்.

அண்ணனுக்குத் துக்கம் கேட்டாச்சா என்று விசாரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அயலார் அல்லவா துக்கம் கேட்க வருவார்கள்? இது அவன் வீட்டுச் சாவு. ஊரே அவனிடம் வந்து கேட்டுவிட்டுப் போயிற்று என்றான்.

"கொள்ளி வச்சதே நான்தான்."

"கை மட்டும்தான் போயிருக்கு அண்ணாச்சி" என்றாள் அம்மை. "நீங்க எப்ப போகப் போறீங்க?"

சிரிப்பு நின்றுபோயிற்று.

கீரைக்கட்டில் ஒரு எறும்பு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று கேட்டான் கடைசியில். இது ஆறட்டும், ஆறினபிறகு போகிறேன் என்றான்.

"பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் துக்கம் கேட்க வருவான். அவனை வாசல்ல நிறுத்துற வீடு உண்டா?"

இல்லை. எந்த ஊரிலும் இல்லை.

அம்மை உள்ளே போனாள். மருந்துக் கிண்ணத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

உடனே குடித்துவிட்டான் என்று சொன்னால் பொய். கீரை முழுக்க ஆய்ந்து முடிகிறவரை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் குடித்தான்.

⁂

செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேட்க ஆகாது. ஆவுடையப்பன் புதன்கிழமை புறப்பட்டான்.

வழியில் அருவி இரைந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. நேரே நடந்தான்.

உலகம்மாள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தானாக நடந்து வருகிறவனைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொழுந்தனாருக்கு வீட்டுக்கு வழி தெரிந்ததா என்று கேலி செய்தாள். உடம்பு தேறியிருக்கிறது என்றாள். தண்ணீர் மொள்ள உள்ளே ஓடினாள்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். உள்ளே போய், விரிப்பில்லாத வெறுந்தரையில் உட்கார்ந்தான். எதிரே அவன் படுத்துக் கிடந்த மூலை. பாயைச் சுருட்டிச் சாத்தி வைத்திருந்தாள்.

செம்போடு வந்தவள் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவருக்கு அந்தப் பக்கத்தில் தண்ணீர் கொடுப்பதில்லை. செம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பிந்தி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சாவன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள் கேட்பது அது. இவனோ அதே கூரைக்குக் கீழே கிடந்தவன்.

இருந்தும் அதையே கேட்டான்.

"அண்ணனுக்கு என்ன செஞ்சுது மதினி?"

அந்தக் கதையை அவள் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். இந்த வீட்டில் அவளிடம் கேட்க ஆள் இருந்ததில்லை. ஆதியிலிருந்து சொன்னாள். மார்கழி ஈரத்தில் தம்பியைக் குளிப்பாட்டப் போய் நனைந்துவிட்டு வந்தார். சளி கட்டியது. கஷாயத்துக்கும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அன்றைக்கும் சோறு பிசைந்து கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு காய்ந்தது.

"உங்களாலதான் போனாருன்னு உங்களைச் சபிச்சேன்" என்றாள். "மனசுக்குள்ளதான். ஆனா தெனமும்."

அவன் தலையாட்டினான். கும்பிட்டு விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். வாயில் வந்தது வேறு.

"என்னை அடிச்சாரே மதினி."

"அடிச்சாரு."

"ஊர் பார்க்க அடிச்சாரே. சோம்பேறின்னாரே. நான் சோம்பேறியா?"

"இல்ல." முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். "அவருக்குத் தெரியல. எனக்கும் தெரியல."

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் அண்ணன் செத்துப்போனார்.

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் போய்விட்டது என்று வெளியே ஓடிவந்தார்களாம். உலகம்மாளும் அழுதாள். யார் யாரைத் தேற்றுவது என்று இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் அழுதார்கள். நடுநடுவே அவன் அண்ணனைத் திட்டினான். அவள் தடுக்கவில்லை. நடுநடுவே அவள் அவனைத் திட்டினாள். அவனும் தடுக்கவில்லை.

முற்றத்து நெல்லைவிட்டு வெயில் நகர்ந்துபோயிற்று. கோழிகள் வந்து கொத்தின. விரட்ட யாரும் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது ஆவுடையப்பன் எழுந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். படியிறங்கும்போது, போய்விட்டு வருகிறேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. துக்கம் கேட்டவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. விழுங்கினான்.

மறுபடி எப்போது வருவீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது.

நெல்லை மிதிக்காமல் ஒதுங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.