கடுகும் மிளகும்

அகலமான ஆறு. அதன் நடுவே ஒரு திட்டு. அந்தத் திட்டில்தான் பூங்கோதை அம்மாள் வைத்தியசாலை வைத்திருந்தாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சடையாண்டி. அவளைவிட வயதில் மூத்தவர், மேல்கரையில் ஏற்கெனவே பேர் வாங்கிய வைத்தியர். அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். இரண்டு பேருக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் வேலம்மையைப் பரிசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இடுப்பெலும்பில் புற்று.

மேல்கரையில் வேறொரு வைத்தியர் வலிக்குக் கடுகளவு அபின் கொடுத்திருந்தார். வேலம்மை முந்தானையைக் கடித்தே கிழித்துவிட்டாள். கீழ்க்கரைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே மிளகளவு. வலி போயிற்று, கூடவே நினைவும் போயிற்று. பெற்ற மகனையே, "நீ யாரு தம்பி?" என்று கேட்டாள்.

"அந்தக் கரையும் வேண்டாம், இந்தக் கரையும் வேண்டாம். எங்கம்மா எனக்கு எங்கம்மாவா வேணும்" என்று அழுதான் மகன் குழந்தைவேல்.

சடையாண்டி அபின் சிமிழைத் திறந்தார். பழகின விரல் கடுகளவு கிள்ளியது. வேலம்மை முனகினாள். மிளகளவு ஆக்கினார். பயம் வந்தது. மறுபடியும் குறைத்தார்.

"என்ன அண்ணே, சீடையா உருட்டுறீங்க?" என்றாள் பூங்கோதை அம்மாள்.

"அம்மா, வலி ஒண்ணுதான், மருந்தும் ஒண்ணுதான். கரைக்குக் கரை அளவு மாறுதே. எது சரி?"

"உங்க பக்கம் ஏன் கடுகு?"

"எங்க குருவோட குரு காலத்துல ஒருத்தன் அபினுக்கு அடிமையாகி, பொண்டாட்டி தாலியையே வித்துட்டானாம். அதுலேருந்து கடுகுதான்."

"கீழ்க்கரையில ஏன் மிளகு?"

"அங்க ஒருத்தன் வலி தாங்காம ஆத்துல விழுந்துட்டானாம். அதுலேருந்து மிளகு."

"அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?"

"செத்து மண்ணாகி எத்தனையோ காலம் ஆச்சும்மா."

"அப்ப உங்க விரல்ல இருக்கற உருண்டை யாருக்கு?"

சடையாண்டி தன் விரலைப் பார்த்தார். உருண்டையைச் சிமிழில் போட்டார். போய் வேலம்மையின் பாயருகே உட்கார்ந்தார்.

"தாயி, உனக்கு என்ன வேணும்?"

வேலம்மை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மருமக மாசமா இருக்கா சாமி. பொறக்கற புள்ள மூஞ்சி எனக்குத் தெரியணும். வலி கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கூப்பாடு போடாம இருந்தாப் போதும்."

முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கடுகளவு கொடுத்தார். எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தார். மூச்சைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் குடையுதா தாயி?"

"குடையுது."

பொறுத்திருந்து, இன்னும் துளி கொடுத்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் பொறுத்தார். வாசல் வெயில் சுவர்மேல் ஏறிவிட்டது.

வேலம்மை மெல்லக் காலை நீட்டினாள். மகனை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டா குழந்தைவேலு, தலைக்கு எண்ணெய்கூட வெக்காம பரதேசி மாதிரி நிக்கிற? மாசமா இருக்கறவ சாப்பிட்டாளா?"

மகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சடையாண்டிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூங்கோதை அம்மாளிடம் ஓடினார்.

"அம்மா, பிடிபட்டுடுச்சு! கடுகுக்கு மேல, மிளகுக்குக் கீழ. இனிமே இதுதான் அளவுன்னு ரெண்டு கரைக்கும் சொல்லி அனுப்பட்டுமா?"

அம்மாள் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"அந்த அளவைப் பத்திரமா வெச்சுக்குங்க அண்ணே. சாயங்காலம் வேலம்மைக்கு வேணும். அப்பவும் அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."