கிழக்குச் சரிவின் பழைய துளை

குன்றில் ஏழு துளை போட்டாயிற்று. ஏழிலும் இரும்புதான். செம்பு ஒரு பொட்டுகூடக் கண்ணில் படவில்லை.

இன்னும் ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி. அதுவும் வீணானால் இயந்திரத்தை லாரியில் ஏற்றிவிடுவார்கள். குன்றை மறந்துவிடுவார்கள். அந்த எட்டாவது துளைக்கு இடம் பார்த்து முளையடிக்க வேண்டியவர் சிவனணைந்தான். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் நிலம் அளந்துவிட்டு, கல்லைப் படிக்க வேண்டும் என்று ஜெபக்கனியிடம் வந்து சேர்ந்தவர். ஜெபக்கனிக்கு அவரைவிடப் பதின்மூன்று வயது குறைவு. அதனால் என்ன? கல் தெரிந்தது ஜெபக்கனிக்குத்தானே.

ஆறு மாதமாக வேறு மலையில் வேலையாக இருந்த ஜெபக்கனி அன்று காலைதான் வந்து சேர்ந்தார். ஜீப்பைவிட்டு இறங்கக்கூட விடவில்லை, சிவனணைந்தான் கேட்டுவிட்டார்.

"டீச்சர், இந்தக் குன்றுல செம்பு எங்க இருக்கு?"

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"மூஞ்சியே சொல்லுது. மொதல்ல சாப்பிடுங்க."

துளை போடுகிற முத்துக்கருப்பன் சிரித்தான். "நாலு நாளா இப்படித்தான் டீச்சர். முளையத் தூக்கிட்டுக் குன்றைச் சுத்துறாரு. சாமி புறப்பாடு மாதிரி. மேளம் மட்டுந்தான் இல்ல."

சாப்பிட்டு முடித்ததும் ஜெபக்கனி சொன்னார்: "ஒவ்வொரு துளையிலயும் அடியில வந்த கல்லு, கடைசிப் பத்துத் தட்டு, வெளிய எடுத்து வைங்க."

துளையிலிருந்து வரும் கல்லை உருளை உருளையாகத் தகரத் தட்டுகளில் அடுக்கி வைப்பது வழக்கம். எல்லாம் கனம். சிவனணைந்தான் தூக்கித் தூக்கி வைத்தார். முதல் துளை, இரண்டாம் துளை என்று ஏழு வரிசை.

"இது என்ன வரிசை அண்ணாச்சி?"

"நாம துளை போட்ட வரிசை."

"குன்று அந்த வரிசையிலயா நிக்குது?"

சிவனணைந்தானுக்குப் புரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். மேற்குக் கோடியில் போட்ட துளை முதலில், கிழக்கே போட்டது கடைசியில். முத்துக்கருப்பன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கை பிடித்தான்.

ஜெபக்கனி ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அத்தனை தட்டிலும் தெளித்தார். நனைந்தால்தான் கல் நிறம் காட்டும். மேற்கே எல்லாம் கறுப்பு. கிழக்கே வர வர அடித்தட்டில் சிவப்பு. முதலில் ஒரு தட்டு, அப்புறம் மூன்று. கடைசி வரிசையில் ஏழு.

சிவனணைந்தான் தன் காந்தத்தை எடுத்தார். கறுப்பில் வெடுக்கென்று ஒட்டியது. சிவப்பில் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"இதுல ஒட்டாது டீச்சர். இரும்பு இல்லாத இடத்துல செம்பும் வராதேன்னு வெறும் கல்லுன்னு எழுதிட்டேன். உடைச்சுக்கூடப் பாக்கல."

"தூக்கிப் பாருங்க."

தூக்கினார். கறுப்புக் கல்லின் கனம் அப்படியே இருந்தது.

"இதுவும் இரும்புதான். பூமிக்குள்ள சுடுதண்ணி புகுந்து கறுப்பைச் சிவப்பாக்கிட்டுப் போயிருக்கு. காந்தத்துக்கு இதை அடையாளம் தெரியாது." சுத்தியலை நீட்டினார். "வந்த தண்ணி சும்மா வந்துச்சா, எதையாவது கொண்டு வந்துச்சான்னு பாருங்க."

சிவனணைந்தான் அடித்தார். கல் பிளந்தது. உள்ளே பித்தளை நிறத்தில் கடுகு கடுகாகச் செம்புத் தாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கொஞ்சந்தான் இருக்கு டீச்சர்."

"கொஞ்சந்தான். இன்னும் கிழக்க, அந்தச் சரிவுல ஏன் ஒண்ணுகூடப் போடல?"

சிவனணைந்தான் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நான் மூணு தடவ சொன்னேன்" என்றான் முத்துக்கருப்பன். "காதுலயே வாங்கல."

சிவனணைந்தான் கூடாரத்துக்குள் போய் பழைய பதிவுக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது. கிழக்குச் சரிவில் அன்றைக்கே ஒரு துளை போட்டிருக்கிறார்கள். அறுபது மீட்டரில் நிறுத்தியிருக்கிறார்கள். 'காந்தம் ஒட்டாத சிவப்புக் கல். செம்புக்கு வழியில்லை. நிறுத்துக.' கீழே ஜெபக்கனியின் கையெழுத்து.

மறந்தே போயிருந்த அதை ஜெபக்கனி இரண்டு தரம் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இருபத்தேழு வயசு. அப்ப எனக்குத் தெரியாததே கிடையாது."

"நீங்க இல்லைன்னு எழுதின இடத்துல நான் எப்படி டீச்சர்..."

"இதுக்காகவா ஏழு துளையும் சரிவைத் தொடாமலே போட்டீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினார் சிவனணைந்தான். அந்த நாலு நாளில் மூன்று தரம் முளையோடு அந்தச் சரிவில் போய் நின்றிருக்கிறார். மூன்று தரமும் அடிக்க மனசு வராமல் திரும்பியிருக்கிறார். டீச்சர் தப்பு என்று ஒரு முளை அடிப்பதா?

"போங்க அண்ணாச்சி. வெயில் ஏறுது."

சிவனணைந்தான் போனார். பழைய துளைக்குப் பத்தடி தள்ளி முளையை வைத்து ஓங்கி அடித்தார். முத்துக்கருப்பன் இயந்திரத்தை நகர்த்த ஆரம்பித்தான்.

திரும்பி வந்தபோது ஜெபக்கனி கோப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவனணைந்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், இந்தப் பழைய வரியை அடிச்சிடவா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அடிக்காதீங்க. அதுக்குக் கீழ உங்க வரியை எழுதுங்க. பேரை முழுசா, படிக்கிற மாதிரி போடுங்க. அடுத்து வர்றவனுக்கு யாரோட சண்டை போடணும்னு தெரிய வேண்டாமா?"