மையத்தருகே ஒரு புள்ளி

"எட்டு வாரம் ஆச்சு மேடம். இருக்குன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க."

கேட்டவர் சூசைமாணிக்கம். வயது ஐம்பத்தெட்டு. தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இந்த வானியல் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கேட்கப்பட்டவர் அங்கயற்கண்ணி. வயது முப்பத்தேழு. அவருடைய ஆசிரியை.

இவர் அவரை 'சார்' என்பார். அவர் இவரை 'மேடம்' என்பார். யார் யாருக்கு குரு என்று வெளியாட்களுக்குத்தான் குழப்பம் வரும்.

"எது சார்?"

"அந்தப் புள்ளி."

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் அது. பல கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு கேலக்ஸி. அதன் நடுவில் ஒரு கருந்துளை, சுற்றியிருக்கும் வாயுவை இழுத்து விழுங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே விழப்போகிற வாயு கொதித்து ஒளிர்கிறது. அந்த ஒளியில் மற்றதெல்லாம் மங்கிப்போகும். படத்தில் மையத்திலிருந்து நாலாபக்கமும் ஒளிக்கோடுகள் நீண்டிருந்தன.

சூசைமாணிக்கத்தின் வேலை நடுவைப் பார்ப்பதல்ல. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் நட்சத்திரக் கொத்துகளை எண்ணுவது. ஒரு கொத்தில் லட்சம் நட்சத்திரங்கள் இருக்கலாம். படத்தில் அது ஒரு குண்டூசித் தலை.

நூற்று நாற்பத்திரண்டு எண்ணியிருந்தார்.

நூற்று நாற்பத்து மூன்றாவது, மையத்தை ஒட்டி இருந்தது. நீலமாக இருந்தது. நீலம் என்றால் புதிதாகப் பிறந்தது. அவ்வளவு கொதிப்புக்குப் பக்கத்தில் நட்சத்திரம் பிறக்காது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எந்தப் பையனையும் எட்டு வாரம் காக்க வச்சதில்ல மேடம். ரெண்டே நாள்ல பேப்பர் திருத்திக் கொடுத்துருவேன்."

"நீங்க திருத்தும்போது விடை உங்க கையில இருந்துச்சு சார்."

"உங்க கையில இல்லையா?"

அங்கயற்கண்ணி திரையில் படத்தைப் பெரிதாக்கினார். சூசைமாணிக்கம் விடவில்லை.

"இந்தப் படம் இப்ப எல்லாருக்கும் பொது. வேற நாட்டுக்காரன் எவனாவது முந்திக்கிட்டான்னா? அக்டோபர்ல மாநாடு வருது. எங்க ஸ்கூல்ல பாராட்டு விழாவுக்குத் தேதி கேக்குறாங்க."

"அதுக்குள்ள சொல்லிட்டீங்களா?"

சூசைமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஜன்னல்கிட்ட வாங்க சார்," என்றார் அங்கயற்கண்ணி.

கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். ஒரு பைக்கின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தது.

"என்ன தெரியுது?"

சூசைமாணிக்கத்தின் மூக்குக்கண்ணாடி சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தார்.

"வெளிச்சம். அதுலேர்ந்து மேல ஒரு கோடு போகுது. கீழ ஒரு கோடு."

"தலையைச் சாய்ச்சுப் பாருங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்க இஷ்டம்."

சாய்த்தார். கோடுகளும் சாய்ந்தன.

நிமிர்த்தினார். நிமிர்ந்தன.

பைக் நின்ற இடத்திலேயே நின்றது.

திரும்பிப் பார்த்தபோது அறையில் யாரும் இல்லை. அங்கயற்கண்ணி டீ குடிக்கப் போய்விட்டிருந்தார்.

சூசைமாணிக்கம் ஜன்னலிலேயே நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து காவலாளி அண்ணாந்து பார்த்தார்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா சார்?"

"இல்லப்பா. இப்பத்தான் விட்டிருக்கு."

கேன்டீனுக்கு வேகமாக நடந்தார். அங்கயற்கண்ணிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், தொலைநோக்கி தலையைச் சாய்க்குமா?"

"சாய்க்கும். அது எப்பவும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கணும். டிசம்பருக்குள்ள சூரியனைச் சுத்தி வேற பக்கம் போயிருக்கும். அப்ப இதே கேலக்ஸியை வேற சாய்வுலதான் பார்க்கும்."

"அப்ப புள்ளி பைக் மாதிரி நிக்குதா, கோடு மாதிரி சாயுதான்னு தெரிஞ்சிரும். ஆனா அதுக்கு நேரம் கேட்டு வாங்கணுமே. உலகமே வரிசையில நிக்குது."

"கேட்டாச்சு சார்."

அங்கயற்கண்ணி தன் போனை அவர் பக்கம் தள்ளினார். நேரம் ஒதுக்கப்பட்டது என்று முந்தின நாள் வந்த கடிதம். அதன் கீழே விண்ணப்பம். சூசைமாணிக்கம் புள்ளியைக் காட்டியதற்கு மறுநாள் தேதி போட்டிருந்தது. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். முதல் பெயர் சூசைமாணிக்கம்.

"இதுல நான் எப்ப..."

"ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினேனே."

"அது ஹாஸ்டல் ஃபாரம்னுல்லா நினைச்சேன்."

முப்பத்திரண்டு வருடம் 'கேள்வியை ரெண்டு தடவை படிங்கடா' என்று சொன்னவர், அந்த விண்ணப்பத்தை இப்போதுதான் முதல் தடவை படித்தார்.

அன்று மாலையே பழைய பள்ளியின் தலைமையாசிரியரைப் போனில் கூப்பிட்டார்.

"விழாவை டிசம்பருக்கு அப்புறம் வச்சுக்கலாம் சார்."

"ஏன், ஏதாச்சும் சிக்கலா?"

"சிக்கல் இல்ல. இன்னும் சரியா பார்க்கல."

"பார்த்துட்டேன்னுதானே சொன்னீங்க?"

"ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்."

அக்டோபர் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பவேண்டிய கடைசி நாள் வந்தது. நூற்று நாற்பத்திரண்டு கொத்துகளைப் பற்றி எழுதி முடித்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க இடம் இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

சேர்க்காமல் அனுப்பினார். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பயம் அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தது. பிறகு குறைந்தது. பயப்பட அவருக்கு நேரம் இல்லை.

நூற்று நாற்பத்திரண்டில் ஒவ்வொன்றுக்கும் நிறம் அளக்க வேண்டியிருந்தது. நிறத்திலிருந்து வயது. சில கொத்துகள் நேற்றுப் பிறந்தவை போல வெளிர்நீலம். சில, கேலக்ஸி உண்டான காலத்திலிருந்தே அங்கே இருப்பவை, பழுத்த சிவப்பு. எதற்கும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் அறுபத்தொன்றாம் கொத்தைத் திறக்கும்போது, பஸ்ஸில் தினமும் கூட வருகிற ஒருவரைப் பார்த்தது போல இருந்தது அவருக்கு.

நவம்பரில் மனைவி லூர்தம்மாள் ஊரிலிருந்து வந்தார். கருவாடும் மஸ்கோத் அல்வாவும் கொண்டுவந்தார்.

"அந்தப் புள்ளி என்னாச்சு?"

"டிசம்பர்ல தெரியும்."

"அதுவரைக்கும் என்ன செய்வீங்க?"

"வா, அறுபத்தொண்ணைக் காட்டுறேன்."

லூர்தம்மாள் திரையில் அந்தக் குண்டூசித் தலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல இருந்தப்ப நீங்க இப்படி இருந்ததில்ல," என்றார்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்குப் படம் வந்தது.

புதிய படத்தைத் திருப்பி, பழைய படத்தின் மேல் பொருத்தினார் சூசைமாணிக்கம். அங்கயற்கண்ணி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

நூற்று நாற்பத்திரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

மையத்திலிருந்து கிளம்பும் ஒளிக்கோடுகள் மட்டும் சாய்ந்திருந்தன. கோடுகள் எவ்வளவு சாய்ந்தனவோ, அதே அளவு நீலப் புள்ளியும் நகர்ந்திருந்தது. மையத்திலிருந்து அதே தூரம். அதே நீலம்.

இரண்டு முறை சரிபார்த்தார். மூன்றாவது முறையும்.

"இது வானத்துல இல்ல மேடம். தொலைநோக்கிக்குள்ள இருக்கு."

அங்கயற்கண்ணி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சூசைமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வலிக்கும் என்று நினைத்திருந்தார். வலித்தது. நினைத்த அளவுக்கு இல்லை.

மறுபடி மாட்டிக்கொண்டு, திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"பழைய படத்துல இந்தக் கோடு கிடந்த இடம். இப்ப வெறும் இடமா இருக்கு. இங்க பாருங்க. ஒண்ணு. இந்தா ரெண்டு."

அங்கயற்கண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் எழவில்லை. மொத்தம் பதினொன்று. எல்லாம் சாதாரணக் கொத்துகள். மங்கலானவை, வயதானவை, யாரும் எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவை. இதுவரை யாரும் பார்க்காதவை.

"ஹெட்மாஸ்டர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க சார்?"

"ஒண்ணு போச்சு, பதினொண்ணு வந்துச்சுன்னு சொல்லப்போறேன். விழா வேண்டாம். வேணும்னா ரெண்டு படத்தையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுறேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. அங்கயற்கண்ணிக்கும் வந்தது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இது பொய்ன்னு. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் வாயைத் திறக்கல. அப்படித்தானே?"

"இல்ல சார்."

"பின்னே?"

"நிஜமான கொத்துன்னுதான் நான் நினைச்சேன். இன்னைக்குக் காலைல வரைக்கும்."

சூசைமாணிக்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, நான் கேட்ட அன்னைக்கே இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க நம்பிருப்பீங்களே சார்."