செக்கடித் தெருவின் காலிக் கட்டம்

ஒரு நகராட்சிக் கம்ப்யூட்டருக்குள் அறுபத்து நான்கு தெருக்கள் குடியிருந்தன. தெருவுக்கு ஒரு வரிசை. பெயருக்கு ஒரு கட்டம், குழாய் உண்டா என்பதற்கு ஒரு கட்டம், அப்புறம் இன்னும் சில. வாசலில் நிபந்தனை என்ற காவல்காரன் நின்றான். வெளியிலிருந்து வரும் கேள்விக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் அவன் வெளியே விடுவான்.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி அனுப்பும் பொறுப்பு எழுத்தர் தமயந்தியிடம் வந்தது. அவள் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. நான்கு நாள் பயிற்சியில் கேள்வி கேட்க மட்டும் கற்றிருந்தாள்.

"குழாய்க் கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும் தெருக்கள் வரட்டும்."

இருபத்திரண்டு தெருக்கள் கிளம்பின. செக்கடித் தெருவும் எழுந்தது.

"நில்லு," என்றான் நிபந்தனை. "உன் கட்டம் காலியா இருக்கு."

"கணக்கெடுக்க வந்தவர் வெயிலைப் பார்த்துட்டு முனை டீக்கடையோட திரும்பிட்டார். அவர் எழுதாததுக்கு நான் என்ன பண்ணுவேன்? எனக்குக் குழாய் கிடையாதுய்யா."

"'இல்லை'ன்னு எழுதியிருந்தா விடுவேன். இதுல ஒண்ணுமே எழுதல."

லாரிகள் போய்விட்டன. மூன்றாம் நாள், செக்கடித் தெரு ராக்கம்மா காலிக் குடத்தோடு தமயந்தி முன்னால் வந்து நின்றாள்.

"உங்க தெரு பட்டியல்ல வரலையேக்கா. குழாய் இருக்கும்போல."

"குழாய் இருந்தா குடத்தைத் தூக்கிட்டு இங்க ஏன் வர்றேன்? குழாய் இருக்கிறவங்க பட்டியல்லயாவது இருக்கோமான்னு பாரு."

தமயந்தி 'இருக்கு' என்று எழுதிய தெருக்களைக் கேட்டாள். நாற்பத்தோரு தெருக்கள் நடந்தன. செக்கடித் தெரு மறுபடி வாசலுக்குப் போனது.

"குழாய் இருக்குன்னு தானே அன்னிக்கு விரட்டின? இப்ப விடு."

"அப்படி நான் சொல்லலையே. 'இருக்கு'ன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு."

"அதுலயும் சேர்க்கல, இதுலயும் சேர்க்கல. நான் எங்கதான் போறது?"

"அது என் வேலை இல்ல."

தமயந்தி இரண்டையும் கூட்டினாள். அறுபத்து மூன்று; ஊரின் தெருக்களில் ஒன்று குறைந்தது. திரும்பக் கூட்டினாள். அதேதான்.

"அப்ப நாங்க இந்த ஊர்லயே இல்லையா?" ராக்கம்மா குடத்தை மேசை மேல் வைத்தாள்.

தமயந்தி பயிற்சி நோட்டைப் புரட்டினாள். கடைசி நாள் அவசரத்தில் கிறுக்கிய ஒரு வரி: காலிக் கட்டத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டாள்.

நிபந்தனை விலகி நின்றான். "தாராளமா போ. இப்பத்தானே கேட்டாங்க."

"ரெண்டு தடவை உன் கண்ணு முன்னால நின்னேனே," என்றது செக்கடித் தெரு. பதிலுக்கு நிற்காமல் தன்னந்தனியாகத் திரைக்கு வந்தது.

தமயந்தி லாரிக்குப் போன் போட்டாள். ராக்கம்மா எழுத்துக்கூட்டி அந்த ஒற்றை வரிசையைப் படித்தாள். குழாய்க் கட்டம் மட்டும்தான் காலி. அதற்குப் பக்கத்தில், 'நேரில் சென்று பார்த்தாயிற்றா?' என்ற கட்டத்தில், 'ஆம்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது.