அரசருக்கு அடக்கம் உண்டா?

வெண்கோட்டு நாட்டு அரசவையில் நான் புலவன். பெயர் ஏகாம்பரன். வாய் மட்டும்தான் எனக்கு ஒழுங்காக வேலை செய்யும்.

அந்த நாட்டில் குளிர் வந்தால் ஏரி உறைந்துவிடும். காலில் கத்தி கட்டிய செருப்போடு அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஓடி, வளைந்த கோலால் ஒரு வட்டை அடித்து எதிரணியின் வலைக்குள் தள்ளுவார்கள். நானும் ஆடிப் பார்த்தேன். வட்டு ஒரு பக்கம் போகும், நான் மறுபக்கம் முதுகால் போவேன். "உமக்கு ஆட வராது, நடுவராக இரும்" என்றார் அரசர் வில்லவராயர்.

விதியையும் நானே எழுதினேன்: 'வட்டு வசத்தில் இருந்தால் மட்டும் போதாது. அடக்கமும் இருந்தால்தான் வலையில் விழுந்தது செல்லும்.' கட்டுப்பாடு என்று எழுதியிருக்கலாம். புலமையைக் காட்ட வேண்டாமா? அடக்கம் என்று எழுதித் தொலைத்தேன்.

அரசர் அணிக்கும் மடைப்பள்ளி அணிக்கும் ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. கடைசி நேரத்தில் வட்டோடு ஓடிவந்த அரசர் வழுக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "பிடியுங்கடா, பிடியுங்கடா!" என்று அலறிக்கொண்டு வட்டோடு வலைக்குள் போய்ச் சேர்ந்தார்.

"வென்றோம்!" என்றார் வலைக்குள்ளிருந்து.

தலைமைச் சமையல்காரர் பொன்னம்பி என்னையே பார்த்தார். தப்பாகச் சொன்னால் நாளை முதல் என் சோற்றில் கல் கிடக்கும்.

"வசம் உண்டு, அரசே. அடக்கம் இல்லை" என்றேன்.

எப்போது சறுக்குவேன் என்று காத்திருந்த மந்திரி மாதவராயர் துள்ளி வந்தார். "கேட்டீர்களா? அரசருக்கு அடக்கம் இல்லையாம்!"

அரசர் முகம் சிவந்தது. "எனக்கா அடக்கம் இல்லை? உண்டா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லும். பிசகினால் இன்றே நாட்டை விட்டுப் போய்விடும்!"

என் சொல்லே என் கழுத்தைப் பிடித்துவிட்டது.

"உண்டு, அரசே!"

"அப்படியானால் வென்றோம்?"

"இல்லை, அரசே. தாங்கள் மேலே அமர்ந்தபோதே வட்டு உயிரை விட்டுவிட்டது. அங்கேயே அதற்கு அடக்கமும் ஆகிவிட்டது. அடக்கமான பிறகு வலைக்குள் போனது வட்டல்ல, அதன் பேய். பேய் போட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நடுவில் வைத்து மறுபடி ஆடுங்கள்."

அரசர் வலை அதிரச் சிரித்தார். பொன்னம்பியும் சிரித்தார். என் சோறு தப்பியது.

"புலவரே, வாரும்!" அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

நான் பெருமையாக நடந்தேன். மாலையைத் தொட்டேன், கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்ட மந்திரியை இறுகக் கட்டிக்கொண்டேன். இருவரும் உருண்டு அரசர் காலடியில் போய்க் கிடந்தோம்.

"மாலை உம் வசம்தானே?" என்றார் அரசர்.

"மாலையும் என் வசம், மந்திரியும் என் வசம், அரசே" என்றேன் மல்லாந்தபடியே. "அடக்கம்தான் எங்கள் இருவருக்கும் இல்லை!"