செய்தது யார்?

ஒரு கல்லூரியில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள் பஞ்சவர்ணம். வேலையை நிரந்தரமாக்க நேர்காணல் வைத்தார்கள். முதல்வர் பக்கத்தில், போன மாதம்தான் முனைவர் பட்டம் வாங்கிய ஆங்கிலத் துறைத் தலைவர் தணிகைவேலு உட்கார்ந்திருந்தார்.

"வேலை வேணும்னா இங்கிலீஷ் வரணும்மா. 'டு'ன்னு ஆரம்பி, நடுவுல 'ஃப்ரம்' வை. எதை, யார்கிட்டேருந்துன்னு ரெண்டும் வரணும். எங்கே, ஒரு வரி சொல்லு பார்ப்போம்" என்று சிரித்தார்.

அவருடைய பாடக் குறிப்புகளை எத்தனை ஆயிரம் நகல் எடுத்திருப்பாள்!

"டு காப்பி தி தீசிஸ் ஃப்ரம் ரெஜினா மேடம்."

ஓய்வுபெற்ற ரெஜினா மேடத்தின் ஆய்வேட்டைத் தணிகைவேலுவுக்கு நகலெடுத்துக் கொடுத்தவளே அவள்தான். முதல்வர் நிமிர்ந்தார்.

"தப்பு! யார் செஞ்சதுன்னே இல்லையே!" என்று கத்தினார் தணிகைவேலு.

"'டு' போட்டா செஞ்ச ஆள் பேர் வராதுன்னு உங்க நோட்ஸ்லதான் சார் இருக்கு. பேரையும் சேர்த்துச் சொல்லட்டுங்களா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை.

மறுநாள் நேர்காணல் கமிட்டியின் தீர்மானம், மூன்று நகல் எடுக்கச் சொல்லி, அவளிடமே வந்தது. 'டு ரிமூவ் பஞ்சவர்ணம் ஃப்ரம் சர்வீஸ்.'

மூன்று நகலும் பளிச்சென்று விழுந்தன. செய்தது யார் என்று அதிலும் இல்லை.